மூணு பல்பு, ஒரு லாரி பேட்டரி

என் பெண்டாட்டி ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள். "அந்த வீட்டுல சீமெண்ணெய் ஒரு சொட்டு இருக்கக் கூடாது. இல்லைன்னு ஒரு நாள் வந்து சொல்லுங்க, அன்னைக்கே வாரேன்." சொல்லிவிட்டு, ரெண்டு வயசுப் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, மதுரை டவுனுக்குள் இருந்த அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். எண்பதுகளின் ஆரம்பம் அது. அந்த ஒரு பேச்சுக்காக நான் எட்டு மாசம் அலைந்தேன். இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு ஒரு மண்ணும் சிரிப்பாக இல்லை.

நடந்தது இதுதான். ஒத்தக்கடையில், மேலூர் ரோட்டிலிருந்து நல்லா உள்ளே தள்ளி ஒரு மனை வாங்கி, ரெண்டு அறையும் ஒரு அடுப்படியுமாக வீடு கட்டினேன். சுற்றிலும் மொத்தம் நாலு வீடு. கரண்ட் கம்பி எங்களுக்கு ஏழு போஸ்ட் தூரத்தில் நின்றுவிட்டது. மனு கொடுத்தோம், வரிசைப்படி வரும் என்றார்கள். எங்களுக்கு முன்னால் நிறைய பேர் நின்றார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுவரை அரிக்கேன் விளக்கு. டின்னிலிருந்து விளக்குக்கு எண்ணெய் ஊற்றினால் பாதி தரையில் சிந்தும். அதனால் காலிக் கலர் பாட்டில் ஒன்றில் சீமெண்ணெயை ஊற்றி வைத்துக்கொண்டேன். குறுகின வாய், சிந்தாது. கடையில் விற்கிற இனிப்பு சோடாவை நாங்கள் கலர் என்றுதான் சொல்வோம். விருந்தாளி வந்தால் கலர் வாங்கக் கடைக்கு ஓடுவோம். பிள்ளைக்கு அம்மா, அப்பாவுக்கு அடுத்தபடி தெரிந்த வார்த்தை அதுதான். "கலரு" என்று எடுத்துக் குடித்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் நாலு நாள். சீமெண்ணெய் நெஞ்சுக்குள் இறங்கி மூச்சு இழுத்தது. பிழைத்துக்கொண்டது, சாமி புண்ணியம். இருமல் மட்டும் ரொம்ப நாள் நின்றது. கேட்டவர்களுக்கெல்லாம் நான் ஒரே பதில்தான் வைத்திருந்தேன். "கரண்ட் இல்லாத வீடு அண்ணே, என்ன செய்ய?" கேட்டவர்கள் உச்சுக்கொட்டினார்கள். சில பேர், போஸ்ட் போடாதவர்களை நல்லா வைதார்கள். எனக்கு அது ஆறுதலாக இருந்தது.

ஆகவே அவள் சீமெண்ணெய் கூடாது என்றதும் நான் அதை, லைட் வேண்டும் என்று எடுத்துக்கொண்டேன். கரண்ட் வர எத்தனை வருஷம் ஆகுமோ. அதுவரை பெண்டாட்டி பிள்ளை இல்லாமல் ஒண்டிக்கட்டையாகக் கிடக்க முடியுமா?

நான் ஒரு காலேஜில் பிசிக்ஸ் லேப் உதவியாளர். எங்கள் லேபின் மூலையில் வெயிலில் கரண்ட் எடுக்கிற பலகை ஒன்று ரொம்ப நாளாகச் சாக்கு மூடிக் கிடந்தது. ஏதோ கண்காட்சிக்கு என்று வாங்கினது. கண்ணாடிக்கு அடியில் கருநீலத்தில் முப்பத்தாறு வட்டம், அப்பளம் காயப்போட்ட மாதிரி. ஒரு ஓரம் துரு ஏறி, கண்டம் என்று கழித்துக்கட்ட வேண்டிய சாமான் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். துறைத் தலைவரிடம் போய் நின்றேன். "என்னய்யா, இதை வச்சு என்ன பண்ணப் போற?" என்றார். "பெண்டாட்டியைக் கூட்டிட்டு வரணும் சார்" என்றேன். அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். அப்புறம் எழுதிக் கொடுத்தார். சாக்கோடு அதை டவுன் பஸ் கூரையில் ஏற்றிக் கொண்டுவந்தேன். கண்டக்டர் அது கண்ணாடி பீரோக் கதவு என்று நினைத்துக்கொண்டான், நானும் திருத்தவில்லை.

பலகை வெயில் இருக்கும்போதுதான் வேலை செய்யும். நமக்கு லைட் வேண்டியது இருட்டின பிறகு. நடுவில் பிடித்து வைக்க பேட்டரி வேண்டும். ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டு பக்கம் லாரி பேட்டரிக்குப் புதுத் தகடு மாற்றுகிற பாய் ஒருத்தர் இருந்தார். என் வயசுதான், ஆசிட் பட்டுப் பட்டு லுங்கி முழுக்கச் சல்லடை.

"எந்த வண்டிக்கு அண்ணே?" என்றார்.

"வண்டிக்கு இல்ல பாய். வீட்டுக்கு."

"ஏன், வீடு ஸ்டார்ட் ஆக மாட்டேங்குதா?"

கடையில் இருந்த அம்புட்டுப் பேரும் சிரித்தார்கள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. வந்த கோபத்தில் பிள்ளை சீமெண்ணெய் குடித்தது, அவள் அம்மா வீட்டில் உட்கார்ந்திருப்பது எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பாய் சிரிப்பை நிறுத்திவிட்டு, வரிசையாக நின்ற பழைய பேட்டரிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, ஒன்றை இழுத்து வெளியே வைத்தார். "இது கிழடுதான், ஆனா நாணயமான கிழடு. ஒரு நாள் போட்டதை ஒரு நாள் கொடுக்கும். ரெண்டு நாளைக்குச் சேத்து வைக்கச் சொன்னீங்கன்னா படுத்துக்கிரும்" என்றார். புதுசு வாங்க எனக்கு வக்கில்லை. அதையே எடுத்துக்கொண்டேன்.

அடுத்தது கணக்கு. காலேஜ் நோட்டு ஒன்றில் கோடு போட்டு எழுத உட்கார்ந்தேன். கார் பல்பு, லாரி பல்பு எல்லாம் இந்தப் பேட்டரியில் நேராக எரியும். எத்தனை பல்பு, எங்கே, எத்தனை மணி நேரம்? அதைத் தெரிந்துகொள்ள, சாயங்காலம் ஆறரைக்கு அவள் எங்கே நிற்பாள், ஏழரைக்கு எங்கே, ஒன்பதுக்கு எங்கே என்று தெரிய வேண்டும். யோசித்துப் பார்த்தேன். நாலு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை. சாப்பாடு வரும், சாப்பிடுவேன், பாய் விரித்திருக்கும், படுப்பேன். நடுவில் அவள் எந்த அறையில் எம்புட்டு நேரம் என்ன செய்கிறாள் என்று நான் பார்த்ததே இல்லை. நோட்டில் அந்தப் பக்கம் காலியாகவே கிடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமியார் வீட்டுக்குப் போனேன். அத்தை காபி கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்கள். நோட்டை விரித்துக் கேட்டேன்.

"ஆறரைக்கு நீ எங்க இருப்ப?"

"எங்க இருப்பேன், அடுப்படியிலதான்."

"ஏழரைக்கு?"

"அடுப்படியில."

"எட்டரைக்கு?"

"என்ன, போலீஸ்ல சேந்துட்டீங்களா?" என்றாள். ஆனாலும் போகும்போது கூப்பிட்டுச் சொன்னாள். "பிள்ளை தூங்குற இடத்துல சின்னதா ஒண்ணு போடுங்க. அது கண் முழிச்சா, எதை வாயில வைக்கிதுன்னு எனக்குத் தெரியணும்."

அதை எழுதிக்கொண்டேன். அடுப்படிக்கு பெரிய பல்பு, லாரி பிரேக் லைட்டுக்குப் போடுகிறது. கூடத்துக்கு நடுத்தரம். பிள்ளை படுக்கிற இடத்துக்குக் குட்டி. மூன்றும் சேர்ந்து மூணு ஆம்பியர், நாலு மணி நேரம், ஆக பன்னிரண்டு. பலகை நல்ல வெயிலில் ரெண்டரை ஆம்பியர் தரும், அஞ்சு மணி நேரத்துக்குப் பன்னிரண்டரை. மிச்சம் அரை. வயரில் போகிறது, பேட்டரி முழுங்குகிறது எல்லாம் சேர்த்தால் அந்த அரையும் இல்லைதான். அதை எழுதவில்லை, எழுதினால் மனசு விட்டுப் போகும்.

மாடியில் பலகைக்கு மேடை கட்ட ஒரு கொத்தனார் வந்தார். தெற்கே பார்த்துச் சாய்க்கச் சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"தெக்க பாத்தா? எமன் வர்ற திசையாச்சே சார். சூரியன் கிழக்கதான உதிக்குது?"

"உதிக்கிற சூரியன் மத்தியானம் எங்க நிக்கிது? கொஞ்சம் தெக்கதான சாஞ்சு போகுது?"

"அதெல்லாம் சரி சார். நல்ல காரியத்தைத் தெக்க பாத்து யாராச்சும் வைப்பாங்களா? நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா என் தலையில விடியும்."

அரை மணி நேரம் அந்த மனுஷனுக்குப் பாடம் எடுத்தேன். பூமி, சாய்வு, நிழல் என்று சுண்ணாம்புக் கட்டியால் தரையில் படம் எல்லாம் போட்டேன். கடைசியில், "மூட நம்பிக்கையை விடுங்கய்யா, இது சயின்ஸு" என்று கத்தியும் விட்டேன். அவர் தெற்கே பார்த்துக் கட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். ஜெயித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை.

புரட்டாசியில் ஒரு சாயங்காலம் சுவிட்சைப் போட்டேன். அடுப்படி பல்பு எரிந்தது. ஆளில்லாத அடுப்படி, கவிழ்த்து வைத்த பானை, மூலையில் அவள் விட்டுப்போன முறம், எல்லாம் தெரிந்தது. எனக்கு அழுகை வந்தது. ஆம்பளை அழுதான் என்று எழுதுவதற்கு எனக்கு வெட்கமில்லை, வந்தது, அழுதேன். ஒரு வாரம் தினமும் நாலு மணி நேரம் எரித்துப் பார்த்தேன். ஒரு நாள்கூடக் குறை வைக்கவில்லை.

சமையலுக்கு விறகடுப்பு போட்டேன். சீமெண்ணெய் ஸ்டவ்வை அக்கா வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்தக் கலர் பாட்டிலை உடைத்துக் குழி தோண்டிப் புதைத்தேன். அப்புறம் மாமியார் வீட்டுக்குப் போய், வாசல்படியில் நின்றபடியே சொன்னேன். "வீட்டுல சீமெண்ணெய் இல்ல."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "சத்தியமா?"

"சத்தியமா."

"அப்ப விஜயதசமிக்கு வாரேன். நல்ல நாளு."

விஜயதசமிக்கு முதல் நாள் ஆயுத பூஜை. லேபில் வருஷா வருஷம் அம்மீட்டர், வோல்ட்மீட்டர், தராசு, சோதனைக் குழாய் தாங்கி வரைக்கும் சந்தனம் குங்குமம் வைப்பது என் வேலை. அந்த வருஷம் கரைத்த சந்தனம் ஒரு கிண்ணம் மிஞ்சியது, வீட்டுக்குக் கொண்டுவந்தேன். காலையிலேயே குளித்து, கட்டிங் பிளேயருக்கு வைத்தேன், டெஸ்டருக்கு வைத்தேன், சைக்கிளுக்கு வைத்தேன். பேட்டரிக்குப் பட்டையே போட்டேன். எம்புட்டு கரண்ட் வருகிறது என்று காட்டுகிற மீட்டரின் கண்ணாடியில் நடுவில் ஒன்று. அப்புறம் கிண்ணத்தோடு மாடிக்குப் போனேன். எட்டு மாசம் அலைந்து கொண்டுவந்தது, இனிமேல் எனக்காக உழைக்கப் போகிற சாமான், அதை விட முடியுமா? முப்பத்தாறு வட்டம் வரிசையாக இருந்தால் நம்ம கை சும்மா இருக்குமா? ஒவ்வொரு வட்டத்துக்கும் ரூபாய் அகலத்துக்குச் சந்தனம், அதன்மேல் குங்குமம். குறுக்கே செவ்வந்தி மாலை ஒன்று, தொங்காமல் இருக்கச் சட்டத்தில் கட்டிவிட்டேன். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

கொத்தனாருக்கு சயின்ஸ் பாடம் எடுத்த அதே ஆள்தான். லேபில் மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற பாலபாடம் அது. அந்த முப்பத்தாறும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்தது. ஒன்றை மறைத்தாலும் எல்லாமே நொண்டும். நான் முப்பத்தாறையும் மறைத்துவிட்டு, கும்பிட்டுவிட்டு இறங்கி வந்தேன். பூஜையில் வைத்ததை மறுநாள் வரை தொடக் கூடாது என்பதால் அந்தப் பக்கமே போகவில்லை. விளக்கு எரிப்பது மட்டும் தொடுவதில் சேராது என்று எனக்கு நானே விதி போட்டுக்கொண்டு, பொரி கடலை வாங்க வந்த அக்கம்பக்கத்தாருக்கு மூணு பல்பையும் எரித்துக் காட்டினேன். வந்தவர்கள் கிளம்பின பிறகும் அணைக்கவில்லை, அம்புட்டு சந்தோஷம்.

மறுநாள் மச்சான் கூட்டிக்கொண்டு வந்தான். பிள்ளை நல்லா வளர்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும் மாமன் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. மச்சான் சாப்பிட்டுவிட்டு, "வரட்டா மாப்ள" என்று மத்தியான பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டான். அவள் வீடு முழுக்க ஒரு சுற்று சுற்றினாள். அடுப்படி அலமாரி, குளிக்கிற இடம், விறகுக் குவியலுக்குப் பின்னால், எல்லா இடத்தையும் மோந்து பார்த்தாள். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தாள்.

ஆறரைக்கு மூணு பல்பும் எரிந்தது. அவள் நிமிர்ந்து பார்த்து, "நல்லாத்தான் இருக்கு" என்றாள். எட்டு மாசத்தில் என்னிடம் அவள் நல்லா என்று சொன்னது அதுதான் முதல் தடவை. ஏழரை மணிக்கு வெளிச்சம் மங்கி மஞ்சளானது. அப்புறம் சிவப்பானது. பல்புக்குள் கம்பி மட்டும் தெரிந்தது, அப்புறம் அதுவும் போய்விட்டது. மீட்டரைப் பார்க்க ஓடினேன், டார்ச் வெளிச்சத்தில் என் பொட்டுதான் தெரிந்தது. மாடியில் என்ன செய்து வைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. அட கிரகமே என்று தலையில் அடித்துக்கொண்டேன். டார்ச்சுக்குள் இருந்த பேட்டரிக் கட்டையும் உயிரை விடுகிற நிலையில் இருந்தது.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். இதுவரை சொல்லாததற்குக் காரணம் வெட்கம்தான். வீட்டில் சீமெண்ணெய் இருந்தது. கிழட்டு பேட்டரி, மழை மாசம் வேறு வருகிறது, எதுக்கும் இருக்கட்டும் என்று அரிக்கேன் விளக்கை எண்ணெயோடு பரண்மேல் சாக்குக்குள் சுருட்டி வைத்திருந்தேன். சத்தியம் பண்ணினபோதும் அது அங்கேதான் இருந்தது. பிள்ளைக்கு எட்டாத உயரம், மூடி இறுக்கினது. அதனால் அது கணக்கில் வராது என்று நினைத்துக்கொண்டேன். ஏறி எடுத்து, பற்றவைத்து, கூடத்துக்குக் கொண்டுவந்தேன்.

அவள் அடுப்படியிலிருந்து, "என்ன வாடை அடிக்குது?" என்றாள். வந்து பார்த்தாள். கத்தவில்லை. கண்ணாடியை உயர்த்தி ஊதி அணைத்தாள். பிள்ளையைத் தடவிப் பிடித்துத் தூக்கிக்கொண்டாள். "கொட்டிட்டு வாங்க" என்றாள். நான் வாசலுக்குப் போய், செங்கல் கழிவு கிடந்த பக்கம் கடைசிச் சொட்டு வரைக்கும் கொட்டிவிட்டு, விளக்கையும் அங்கேயே போட்டுவிட்டு வந்தேன். உள்ளே கும்மிருட்டு. அடுப்புத் தணலும் அவிந்துபோயிருந்தது. அவள் சுவர் ஓரம் உட்கார்ந்திருக்கிறாள் என்று வளையல் சத்தத்தில் தெரிந்தது. நான் எதிர்ச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

"இனிமே அப்படி வைக்க மாட்டேன். அந்தப் பலகையில சின்னத் தப்பு. காலையில கழுவி விட்டா நாளைக்கு எரியும். பேட்டரியும் புதுசா ஒண்ணு…"

"நான் லைட்டா கேட்டேன்?"

அவளே தொடர்ந்தாள்.

"ஊருக்கெல்லாம் சொல்லி வச்சிருக்கீங்க. கரண்ட் இல்லாத வீடு, அதான் பிள்ளை குடிச்சிருச்சுன்னு. எங்கண்ணன்கிட்டயும் அதையேதான் சொன்னீங்க. அது குடிக்கிறப்ப மணி என்ன?"

"இப்ப எதுக்கு அது?"

"மணி என்னன்னு கேட்டேன்."

"மூணு இருக்கும்."

"ராத்திரி மூணா?"

"மத்தியானம்" என்றேன்.

மாசி மாசத்து மத்தியானம். ஜன்னலுக்கு இன்னும் கதவுகூட வைக்காத வீடு, மூலைமுடுக்கெல்லாம் வெயில். விளக்கைத் துடைத்து எண்ணெய் ஊற்றிவிட்டு பாட்டிலைத் தரையில் வைத்தேன். மூடி போடவில்லை, திரும்பி உட்கார்ந்து திரியை வெட்டிக்கொண்டிருந்தேன். பிள்ளை "கலரு" என்றது என் காதில் விழுந்தது. ஆமா கலரு என்று நானும் பதில் சொன்னேன். திரும்பிப் பார்க்கத்தான் இல்லை. இதை நான் ஆஸ்பத்திரியில் சொல்லவில்லை, பாயிடம் சொல்லவில்லை, துறைத் தலைவரிடம் சொல்லவில்லை, எனக்கு நானே கூடச் சொல்லிக்கொண்டதில்லை.

"நான்தான்" என்றேன். "நான்தான் வச்சேன். தரையில, மூடி இல்லாம. பக்கத்துலயேதான் இருந்தேன். திரும்பிப் பாக்கல."

பிள்ளை தூங்கிவிட்டது போல, மூச்சு சீராகக் கேட்டது. எழுந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பப் போகிறாள், கடைசி பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறது என்று நினைத்தேன்.

"இதைச் சொல்லவா இம்புட்டு வயர் இழுத்தீங்க?" என்றாள். அழுதுகொண்டிருக்கிறாள் என்பது குரலை வைத்துத்தான் தெரிந்தது.